குறட்டை விடுகிறவன் தூங்கவில்லை

குறட்டை விட்டுத் தூங்குகிறவனை இந்தச் சமூகம் இரண்டு விதமாகப் பார்க்கிறது. அவன் வசதிக்காரனாக இருந்தால் ‘மனுசன் நிம்மதியா தூங்குறாரு’ என்கிறது. கூலிக்காரனாக இருந்தால் ‘தின்னுட்டு எருமை மாதிரி தூங்குறான் பாரு’ என்கிறது. இரண்டும் பொய். சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் சட்டென்று அடங்கி, பிறகு திடுக்கென்று மூச்சை இழுக்கிறானே, அவன் தூங்கவே இல்லை. ராத்திரி முழுக்க மூச்சுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான். காலையில் அந்தச் சண்டை அவனுக்கே ஞாபகம் இருக்காது. களைப்பு மட்டும் மிச்சமிருக்கும்.

விடுதலை பேசும் பத்திரிகையில் குறட்டையைப் பற்றி என்ன எழுத்து என்று தோழர்கள் கேட்கலாம். ஒடுக்கப்பட்டவனின் உழைப்பைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். பசியைப் பற்றிப் பேசியிருக்கிறோம். அவனுடைய தூக்கத்தைப் பற்றி நாம் பேசியதில்லை. அதைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாம் ஆண்டைகள்தான். ‘வேலைக்குக் கூப்பிட்டா தூங்குறானுவ’ என்று. நம் தூக்கத்தைப் பற்றிய பேச்சை அவர்கள் வாயிலேயே விட்டுவைக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

எட்டு மாதமாக நான் மூக்கில் ஒரு குழாயை மாட்டிக்கொண்டுதான் தூங்குகிறேன். எனக்கு இருப்பது ஸ்லீப் ஆப்னியா. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற நோய். விசயம் ரொம்ப எளிமையானது. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. நாக்கு பின்னால் சரிகிறது. சிலருக்கு அந்த இடம் முழுசாக அடைத்துக்கொள்கிறது. நெஞ்சு காற்றை இழுக்கப் பார்க்கும், காற்று உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பயந்துபோய் ஆளை ஒரு நொடி எழுப்பும். ‘கக்’ என்று ஒரு சத்தத்தோடு மூச்சு வரும். மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. மூச்சு பத்து நொடியாவது நின்றால்தான் கணக்கில் சேர்ப்பார்கள். முழுசாக நிற்பது, பாதியாகக் குறைவது இரண்டையும் கூட்டி ஒரு மணி நேரத்துக்கு எத்தனை என்று பார்ப்பார்கள். ஐந்துக்குக் கீழே இருந்தால் சரி. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமையானது. எனக்கு 42. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்தோமே அந்த ஆக்சிஜன் அளவு, தூக்கத்தில் எனக்கு 74 வரை இறங்கியிருக்கிறது. அந்த நாட்களில் 90-க்குக் கீழே போனால் ஆம்புலன்ஸைத் தேடி ஓடினோம். நான் அதற்கும் கீழே போய்ப் போய்த் திரும்பி வந்து, காலை பத்து மணிக்குக் கவுண்டரில் உட்கார்ந்து பணம் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கவுண்டரில் கண் சொருகும். பிற்பகலில் கணினித் திரை மங்கலாகும். வங்கியில் கண் சொருகுகிற குமாஸ்தாக்கள் எத்தனையோ பேர் உண்டு. மற்றவர்கள் சொருகினால் ‘ராத்திரி சரியா தூங்கல போல, ஒரு காபி சாப்பிடுங்க’ என்பார்கள். என்னைப் பற்றி என் முதுகுக்குப் பின்னால் சொன்னது வேறு: ‘கோட்டாவுல வந்தா இப்பிடித்தான்.’ ஒரே கண் சொருகல், இரண்டு வியாக்கியானம். ஒருவனுக்கு அது உடம்பு. இன்னொருவனுக்கு அது சாதி. ஒரு நோயை ஒரு மனிதனின் குணமாக்கி, அந்தக் குணத்தை அவன் பிறப்பின் குணமாக்குவது இந்த நாட்டில் எவ்வளவு சுலபமாக நடக்கிறது பாருங்கள்.

இந்த நாட்டில் மட்டும் என்று சொல்லிவிடவும் முடியாது. சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37-இல் எழுதிய ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலில் ஜோ என்று ஒரு வேலைக்காரப் பையன் வருகிறான். குண்டுப் பையன். நின்றபடி தூங்குவான், வண்டியில் தூங்குவான், குறட்டை விடுவான். வாசகர்கள் சிரிப்பதற்காகவே வைத்த பாத்திரம். 1956-இல் அமெரிக்க மருத்துவர்கள், பருமனும் மூச்சுக் குறைவும் ஓயாத தூக்கமும் சேர்ந்த ஒரு நிலைக்கு ‘பிக்விக்கியன் சிண்ட்ரோம்’ என்று பெயர் வைத்துக் கட்டுரை எழுதினார்கள். நூற்றிருபது வருசம் அந்தப் பையனைப் பார்த்துச் சிரித்த பிறகுதான் அவனுக்கு நோய் இருக்கலாம் என்று தோன்றியிருக்கிறது. அவன் எசமானின் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்று தூங்கியவன் என்பதைக் கவனியுங்கள். எசமான் தூங்கியிருந்தால் அடுத்த நாளே வைத்தியர் வந்திருப்பார்.

1965-இல்தான் பிரான்சிலும் ஜெர்மனியிலும் ஆய்வாளர்கள் தூங்குகிறவர்களின் மூச்சைப் பதிவு செய்து, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதைக் கண்டார்கள். அப்புறமும் பதினைந்து வருசம், கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கழுத்தில் துளை போடுவதுதான் முக்கியமான வைத்தியமாக இருந்தது.

என் அப்பா களத்து மேட்டில் படுத்தால் குறட்டை தெருக்கோடி வரை கேட்கும். பிள்ளைகள் நாங்கள் எண்ணுவோம். சத்தம் நின்றதும் ஒண்ணு, ரெண்டு, மூணு… இருபது வரைக்கும் போகும். மறுபடி சத்தம் வந்ததும் சிரிப்போம். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு விடியற்காலையில் அவர் எழுந்திருக்கவில்லை. ‘தூக்கத்துலயே போயிட்டான், நல்ல சாவு’ என்றார்கள் ஊரில். ஆயா மட்டும், ‘என்னா நல்ல சாவு, எம்புள்ள மூச்சு முட்டிதான் செத்தான்’ என்று சொல்லிச் சொல்லி அழுதது. அப்பாவுக்கு இருந்தது இன்ன நோய் என்று இனி யாரும் சோதித்துச் சொல்ல முடியாது. ஆனால் நல்ல சாவு என்ற சொல்லை நான் இப்போது நம்புவதில்லை. சேரியில் ஐம்பதைத் தாண்டாமல் தூக்கத்தில் போனவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இரத்தக் கொதிப்பு எத்தனை பேருக்கு, குறட்டை எத்தனை பேருக்கு, குடி எத்தனை பேருக்கு என்று பக்கத்தில் எழுதுங்கள். அதற்குப் பிறகு நல்ல சாவு என்று சொல்ல வாய் வராது.

*

இப்போது மெஷினைப் பற்றி. சீபாப் என்று பெயர். அதிலே பெரிய மாயம் எதுவும் கிடையாது. ஒரு சின்ன பிளோயர், ஒரு குழாய், ஒரு மாஸ்க். அறையில் இருக்கிற சாதாரணக் காற்றையே கொஞ்சம் அழுத்தத்தோடு மூக்குக்குள் அனுப்பும். அந்த அழுத்தம் தொண்டையை அடைக்க விடாமல் முட்டுக்கொடுத்து நிறுத்தும். ஓட்டைக் குடிசைக்கு உள்ளேயிருந்து கம்பு கொடுக்கிறோமே, அதே வேலை. பலர் நினைப்பதுபோல இது ஆக்சிஜன் சிலிண்டர் இல்லை. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து மருத்துவர் காலின் சல்லிவன் 1980-இல் இதைச் செய்து பார்த்தார். தூசு உறிஞ்சும் வேக்குவம் கிளீனரின் மோட்டாரைத் திருப்பி வைத்து, காற்றை உறிஞ்சுவதற்குப் பதில் ஊதவிட்டார். ஐந்து நோயாளிகளுக்கு அது வேலை செய்ததை 1981-இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். ஆரம்பத்தில் ஒவ்வொரு ராத்திரியும் மாஸ்க்கை மூக்கில் பசை போட்டு ஒட்ட வேண்டியிருந்தது. அதை நினைத்தால் நம் பாடு எவ்வளவோ தேவலை.

ஆனாலும் பாடு பாடுதான். மெஷின் வந்த முதல் வாரம் எப்படா இதைத் தூக்கிக் கெணத்துல போடலாம் என்றிருந்தது. முகத்தில் வார் கட்டி, வாய்வரை மூடி, உள்ளே காற்று அடித்தால் யாருக்கும் பதறும். மூச்சு கொடுக்கிற கருவியே மூச்சை அடைக்கிற மாதிரி இருக்கும். வெளியே விடுகிற மூச்சு எதிர்க்காற்றில் முட்டும். வாய் வறளும். காற்றை விழுங்கி வயிறு உப்பும். மூக்குத் தண்டில் தழும்பு. நள்ளிரவில் தூக்கத்திலேயே கழற்றி வீசியிருப்பேன், காலையில் அது கட்டிலுக்கு அடியில் கிடக்கும். என் மகள் முதல் நாள் பார்த்துவிட்டு ‘அப்பா யானை’ என்றாள். என் மனைவி சிரிக்கவில்லை. ‘இத்தன வருசம் உங்க மூச்சு நின்னா நான் முழிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். இப்ப அது முழிச்சிருக்கு. நீங்க பேசாம மாட்டுங்க’ என்றாள். தூக்கம் கெட்டவர்கள் ஒரு வீட்டில் ஒருவர் மட்டும் அல்ல என்பது அப்போதுதான் உறைத்தது. ஆணின் குறட்டைக்குப் பக்கத்தில் விழித்துக் கிடக்கிற பெண்ணின் தூக்கத்தை எந்தச் சோதனையும் அளப்பதில்லை. பெண்ணுக்கே இந்த நோய் வந்தால், குறட்டையைச் சொல்ல வெட்கம். களைப்பு, தலைவலி, தூக்கம் வரலை என்று சொல்வாள். ‘ரத்தம் கம்மி’ என்று டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

மீசைக் கதையையும் சொல்லவேண்டும். மாஸ்க் ஓரத்தில் காற்று கசிந்துகொண்டே இருந்தது. மெஷின் கொடுத்த கடையின் பையன் வந்து பார்த்துவிட்டு, ‘மீசையை எடுத்துருங்க சார், லீக் நின்னுரும்’ என்றான். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் சாதாரணமாக இல்லை. 2017-இல் குஜராத்தின் லிம்போதரா கிராமத்தில் மீசை வைத்ததற்காக நம் இளைஞர்கள் அடிவாங்கினார்கள். அதற்குப் பதிலாக நூற்றுக்கணக்கான பேர் மீசையை முறுக்கிப் படமெடுத்துப் போட்டார்கள். நம் ஊரில் இதற்குக் கதை சொல்ல வேண்டியதில்லை. ‘மீசையை எடுக்கிற பேச்சு வேணாம் தம்பி, வேற மாஸ்க் இருந்தா காட்டு’ என்றேன். இருந்தது. முகத்தை மூடாமல் மூக்குத் துளைகளில் மட்டும் பொருந்துகிற சின்ன ரப்பர். மீசையும் நின்றது, கசிவும் நின்றது. முதலிலேயே அதைக் காட்டியிருக்கலாம். நம்மிடம் முதலில் கேட்பது எப்போதும் நம்மை மாற்றிக்கொள்ளத்தான். பொருளை மாற்றுவது இரண்டாவது யோசனையாகத்தான் வரும்.

இதைத் தொடங்கப்போகிற தோழர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். ராத்திரிதான் மாட்டவேண்டும் என்று இல்லை. பகலில் புத்தகம் படிக்கும்போது அரைமணி நேரம் மாட்டிப் பழகுங்கள், பதற்றம் அடங்கும். மெஷினில் ‘ரேம்ப்’ என்று ஒரு வசதி இருக்கும். குறைந்த காற்றில் ஆரம்பித்து மெதுவாக ஏற்றும். அதைப் போட்டுக்கொள்ளுங்கள். வாய் வறண்டால் ஈரப்பதத் தொட்டியில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் உப்புப் படியும். மாஸ்க்கைத் தினமும் லேசான சோப்பில் கழுவுங்கள், முகத்தின் எண்ணெய் ஒட்டினால் கசியும். வாரை இறுக்கிக் கட்டினால் கசிவு நிற்காது, தழும்புதான் வரும். மாஸ்க் சேரவில்லை என்றால் வேறு வகையைக் கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. அழுத்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நீங்களே நிறுத்தாமல் மருத்துவரிடம் மாற்றச் சொல்லுங்கள். ஒருக்களித்துப் படுங்கள். குடித்தால் தொண்டை இன்னும் தளரும், தூக்க மாத்திரையும் பலருக்கு அப்படியே. எனக்கு முழு ராத்திரி மாட்டித் தூங்க ஏழு வாரம் ஆனது. இப்போது என் 42, மூன்றாக இறங்கியிருக்கிறது. மத்தியானம் கண் சொருகுவதில்லை. பல வருசத்துக்குப் பிறகு கனவு வருகிறது. அதில் இரண்டு கவிதையாகவும் ஆகியிருக்கின்றன.

மெஷினைக் கடவுளாக்க வேண்டாம். அது நோயைத் தீர்ப்பதில்லை. மாட்டுகிற நேரத்துக்குத்தான் வேலை செய்யும். ஏற்கெனவே இதய நோயோ மூளை ரத்தநாள நோயோ உள்ள 2,717 பேரை வைத்துச் செய்த ஒரு பெரிய ஆய்வு 2016-இல் வந்தது. பகல் தூக்கம் குறைந்தது, குறட்டை குறைந்தது, மனநிலை தேறியது. ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. அதில் மெஷின் வைத்திருந்தவர்கள் சராசரியாக ராத்திரிக்கு 3.3 மணி நேரம்தான் மாட்டியிருந்தார்கள். கம்பெனிகளையும் கண்ணை மூடி நம்ப முடியாது. 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் உலகம் முழுக்க லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்பப் பெற வேண்டிவந்தது. சத்தத்தை அடக்க உள்ளே வைத்த பஞ்சு பொடிந்து, மூச்சோடு போகும் ஆபத்து இருந்தது. மூச்சை விற்கிறவனும் வியாபாரிதான்.

*

மெஷினை மாட்டாமல் விட்டவர்களை மருத்துவமனையில் ‘ஒத்துழைக்காத நோயாளி’ என்பார்கள். அமெரிக்காவின் மெடிகேர் காப்பீட்டில் ஒரு கணக்கே இருக்கிறது. முதல் மூன்று மாதத்துக்குள், தொடர்ச்சியான ஏதாவது 30 நாளில் 70 சதவீத ராத்திரிகளில் 4 மணி நேரமாவது மாட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் மெஷினுக்குப் பணம் நின்றுவிடும். மெஷினே வேவு பார்த்துச் சொல்லிவிடும். இந்தச் சொல்லை நான் சந்தேகப்படுகிறேன். ஒத்துழைப்பு என்றால் யாருக்கு யார்?

ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கிற வீட்டை நினைத்துப் பாருங்கள். மெஷினை வைக்க ஒரு ஸ்டூல் வேண்டும், பிளக் பாயின்ட் தலைமாட்டில் வேண்டும், கரண்ட் நிற்காமல் வேண்டும். கரண்ட் போனால் பிளோயர் நிற்கும், ஆள் எழுந்து மாஸ்க்கைக் கழற்றுவான், அன்றைய தூக்கம் முடிந்தது. இன்வெர்ட்டர் இருக்கிறவன் ஒத்துழைக்கிற நோயாளி, இல்லாதவன் ஒத்துழைக்காதவன். சாலையோரப் புழுதியில் வாரத்துக்கு ஒருமுறை பில்டர் கறுக்கும். இரவுக் காவலுக்குப் போகிறவனுக்கு எந்த ராத்திரி?

எங்கள் கிளையில் கூட்டிப் பெருக்குகிற அக்கா ஒப்பந்தத் தொழிலாளி. யாரும் இல்லாதபோது என்னைத் தம்பி என்பார். மேனேஜர் இருந்தால் சார். அவர் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். ‘அந்தாளும் உன்னமாதிரிதான் தம்பி, மூச்சு நின்னு நின்னு வருது. மெசினு எவ்ளோ?’ என்று கேட்டார். சோதனைக்கு 9,000, மெஷின் 46,000, மாஸ்க் தனியாக 5,500 என்றேன். அவருக்கு அது ஏழெட்டு மாதச் சம்பளம். ஒன்றும் பேசாமல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு எப்படிக் கிடைத்தது? 2015 மே 25-இல் கையெழுத்தான 10-ஆவது இருதரப்பு ஒப்பந்தத்தின் வழியாக வங்கி ஊழியர்களுக்கு வந்த மருத்துவக் காப்பீட்டில் சீபாப் என்ற சொல் எழுத்தில் இருக்கிறது. வாடகை உண்டு, மருத்துவர் எழுதினால் சில நேரங்களில் வாங்குவதற்கும் உண்டு. சங்கம் இருந்தது, பேரம் பேசியது, சொல் ஏறியது. அதே கட்டடத்தில், அதே தரையைத் துடைக்கிறவருக்கு அந்த ஒப்பந்தத்தில் பெயர் கிடையாது. நான் இடஒதுக்கீட்டில் உள்ளே வந்தேன். நான் வந்து சேரும் காலத்துக்குள் பெருக்குகிற வேலையையெல்லாம் வெளியே ஒப்பந்தத்துக்குத் தள்ளியிருந்தார்கள். நம் சனம் அதிகம் இருந்த வேலைகளைத்தான் முதலில் வெளியே தள்ளினார்கள். என் மூச்சுக்கு முட்டுக்கொடுத்தது மெஷின் மட்டும் இல்லை, சங்கமும் சேர்ந்துதான். அது அவருக்கும் அவர் வீட்டுக்காரருக்கும் வேண்டும்.

லாரிக்காரருக்கு மூச்சு நின்றால் சாவு அவரோடு முடியாது. இந்த நோய் உள்ளவர்கள் வண்டி ஓட்டும்போது விபத்துக்கு வாய்ப்பு அதிகம் என்று திரும்பத் திரும்ப ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. விபத்து நடந்தால் ‘டிரைவர் தூங்கிட்டான்’ என்று பேப்பரில் வரும். ஏன் தூங்கினான் என்று வராது. ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் ஓட்டுநர் உரிம விதிகளில் இந்த நோயைச் சேர்த்தது. சோதனை செய், சிகிச்சை கொடு, கட்டுக்குள் இருக்கிறது என்று மருத்துவர் சொன்னால் ஓட்ட விடு என்பது அதன் சாரம். இங்கே அப்படி ஒரு விதி வந்தால் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வேலையைப் பிடுங்குவார்கள் என்ற பயம் எனக்கு உண்டு. எனவே சிகிச்சையும் வேலைப் பாதுகாப்பும் சேர்ந்தே வரவேண்டும்.

*

இன்னொன்று. ஒரு பிளோயர், ஒரு குழாய், ஒரு மாஸ்க் என்று மேலே எழுதினேன். இந்த மூன்றையும் நான் வேறொரு இடத்திலும் படித்திருக்கிறேன். மலக்குழி வேலையைத் தடைசெய்யும் 2013 சட்டத்துக்கு அதே ஆண்டு போட்ட விதிகளில், தவிர்க்க முடியாமல் ஓர் ஆள் சாக்கடைக்குள் இறங்க நேர்ந்தால் கொடுக்கவேண்டிய கருவிகளின் பட்டியல் இருக்கிறது. பிளோயர் இருக்கிறது, காற்றுக்குழாய் வைத்த சுவாசக் கருவி இருக்கிறது, மூச்சு மாஸ்க் இருக்கிறது. தாளில் இருக்கிறது. குழிக்குள் வெறும் ஜட்டியோடும் ஒரு கயிறோடும் இறக்குகிறார்கள். செத்தபின் இழப்பீடு 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னது. 2023 அக்டோபர் 20-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சாவின் விலை ஏறியிருக்கிறது. மாஸ்க் இன்னும் குழிவரை வந்து சேரவில்லை. அங்கே வேண்டியது நல்ல மாஸ்க் கூட இல்லை, எவனும் இறங்காமலிருப்பது. ராத்திரி பிளோயரைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடும்போது இந்த நினைப்பு வந்துவிடுகிறது. மூச்சுக்குக் கருவி செய்யத் தெரிந்த உலகம், யார் மூச்சு என்று பார்த்துத்தான் கருவி கொடுக்கிறது.

கடைசியாக நம்மைப் பற்றி. இயக்கத்தில் தூங்காமல் இருப்பது ஒரு பெருமையாகிவிட்டது. ‘ரெண்டு நாளா தூங்கல தோழர்’ என்பதைப் பதக்கம் மாதிரி சொல்கிறோம். ராத்திரி பன்னிரண்டுக்குக் கூட்டம் முடிந்து, அறுபது கிலோமீட்டர் பைக்கில் தனியாக வீடு திரும்புகிறோம். சுவரொட்டி ஒட்டிவிட்டு விடியக்காலை வேலைக்குப் போகிறோம். நாற்பத்தைந்து வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்த தோழருக்குப் பிளெக்ஸ் வைத்து ‘தூங்காமல் உழைத்தவர்’ என்று எழுதுகிறோம். அந்தப் பிளெக்ஸைப் பார்த்து இருபது வயதுத் தம்பிகள் அதையே கற்றுக்கொள்கிறார்கள். இது வீரம் இல்லை. ஆண்டை நம் முப்பாட்டனிடம் பிடுங்கிய தூக்கத்தை, நாம் நம்மிடமே பிடுங்கிக்கொள்கிறோம்.

எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு, எட்டு மணி நேரம் நமக்காக. மே தினத்தின் கோரிக்கையில் தூக்கமும் இருந்தது. 2023 ஏப்ரல் 21-இல் தமிழகச் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கட்சிகளும் எதிர்த்ததால் மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. அன்று நாம் காப்பாற்றியதில் பாதி, தூக்கம். அதை அந்தப் பெயரிலேயே சொல்லப் பழக வேண்டும்.

இந்தியாவில் உழைக்கும் வயதில் உள்ளவர்களில் சுமார் 10.4 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று எய்ம்ஸ் மருத்துவர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு மதிப்பிட்டது. இவர்களில் எத்தனை பேர் ‘சோம்பேறி’ என்று திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்களோ. எனவே என் கோரிக்கைகள்: மாவட்டந்தோறும் அரசு மருத்துவமனையில் தூக்கச் சோதனை இலவசமாக வேண்டும். மெஷினை விற்கவேண்டாம், இரவல் கொடுக்கட்டும். தேறாதவன் திருப்பிக் கொடுப்பான், அடுத்தவனுக்கு ஆகும். மாட்டிப் பழக்க ஓர் ஆள் வேண்டும், செவிலியர் போதும். லாரி, பஸ், ஆட்டோ ஓட்டுகிறவர்களுக்கும் தூய்மைப் பணியாளருக்கும் முதலில். ஒப்பந்தத் தொழிலாளியைக் காப்பீட்டுக்குள் கொண்டுவர வங்கிச் சங்கங்கள் பேச வேண்டும். இதை என் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் நான் எழுப்பப் போகிறேன்.

அதுவரை உங்கள் அமைப்பின் அடுத்த கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி எட்டுக் கேள்வி கேளுங்கள். சத்தமாகக் குறட்டை உண்டா? பகலில் களைப்பா? தூக்கத்தில் மூச்சு நின்றதை யாராவது பார்த்தார்களா? ரத்தக் கொதிப்பு உண்டா? உடல் பருமனா? வயது ஐம்பதைத் தாண்டியதா? கழுத்துச் சுற்று 40 சென்டிமீட்டருக்கு மேலா? ஆணா? மூன்றுக்கு ‘ஆமாம்’ என்றால் டாக்டரைப் பார்க்க அனுப்புங்கள். ஒல்லியாக இருக்கிறவர் தப்பித்தேன் என்று எழுந்துபோக வேண்டாம். தாடை அமைப்பாலும் வரும். மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் அவரிடம் இருக்காது. வீட்டில் அம்மாவையோ மனைவியையோ கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். அவர்கள்தான் இத்தனை நாள் முழித்திருந்தவர்கள்.